எல்லோருக்கும் பின்னால் வருகிறவர்

விடுதி முற்றத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அடுத்தவன் வண்டியின் செயினை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தன் வண்டியை எப்போதோ பார்த்து முடித்தாயிற்று. நாங்கள் பல் துலக்கிக்கொண்டே ஜன்னல் வழியாக வேடிக்கை பார்க்கிறோம். செயின் தொங்கினால் உதட்டைப் பிதுக்குகிறார். டயரைக் கட்டைவிரலால் அமுக்கிவிட்டுப் பெருமூச்சு விடுகிறார். கடைசியில், யாருடைய வண்டி என்று சொல்லாமல், பொதுவாக வானத்தைப் பார்த்து ஒரு தீர்ப்பு: "இந்த பிரேக்க நம்பி மலை ஏறலாம். இறங்கறதுதான் யோசனை."

எங்கள் கூட்டத்தில் அவருக்கு டெயில் லைட் என்று பெயர். வருஷத்துக்கு ஒரு தடவை, வீட்டில் கெஞ்சியோ பொய் சொல்லியோ சில நாள் லீவு வாங்கிக்கொண்டு, நண்பர்கள் எல்லோரும் மோட்டார் சைக்கிளில் கிளம்புவோம். முன்னால் பெயின்ட் கடைக்காரர் போவார். கேப்டன் என்று தன்னைத் தானே கூப்பிட்டுக்கொள்வார், செலவு கொஞ்சம் கூடுதலாகச் செய்கிறவர் என்பதால் நாங்களும் மறுப்பதில்லை. எல்லோருக்கும் பின்னால் டெயில் லைட். பின்னால் வருகிறவருக்கு ஒரே சட்டம்: அவருக்குப் பின்னால் எங்கள் ஆள் யாரும் இருக்கக் கூடாது. எவன் வண்டி நின்றாலும் அவரும் நிற்க வேண்டும். எவன் புதர் பக்கம் ஒதுங்கினாலும், அவன் முடித்துவிட்டு வரும்வரை முதுகைக் காட்டிக்கொண்டு காவல் இருக்க வேண்டும். இந்த வேலையை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை. முன்னால் போனால் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கழுத்து சுளுக்கிக்கொள்கிறதாம்.

பிழைப்புக்கு லிஃப்ட் மெக்கானிக். பெரிய ஆஸ்பத்திரி, துணிக்கடை, அடுக்குமாடி என்று எந்தக் கட்டிடத்துக்குள் நுழைந்தாலும் ஆளைப் பார்க்க மாட்டார், காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். "சத்தம் வந்தா பயமில்ல மாப்ள. சத்தம் போடறது உயிரோட இருக்கு. திடீர்னு அமைதியாச்சுன்னாத்தான் வயித்தக் கலக்கும்" என்பார். லிஃப்டில் யார் ஏறினாலும் அவர்கள் இறங்குகிற வரையில் அவருக்கு இருப்புக்கொள்ளாது. மாமியார் ஏறினால் மட்டும் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும் என்று ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டது கேப்டன்தான், நான் இல்லை.

அவர் மனைவியும் என் வீட்டுக்காரியும் சிநேகிதிகள். ஆகையால் அந்த வீட்டுச் செய்தி எல்லாம் வாசல் தாண்டி என் காதுக்கு வந்துவிடும். மகள் வேலை முடிந்து பஸ் ஏறிவிட்டேன் என்று போன் செய்தால், "உக்கார எடம் கெடச்சுதா? எந்தப் பக்கம்? டிரைவர் வயசானவரா?" என்று கேட்பாராம். அந்தப் பெண் இப்போதெல்லாம் பஸ்ஸை விட்டு இறங்கின பிறகுதான் ஏறிவிட்டேன் என்று சொல்கிறதாம். "இவரு தூங்கி நான் பாத்ததே இல்லக்கா" என்று மனைவி சொன்னாளாம். "நான் தூங்கினப்புறம்தான் தூங்குவாரு. அங்கயும் பின்னாலதான்."

இந்த வருஷப் பயணத்தில், அந்த விடுதியிலிருந்து கிளம்பி, மலை அடிவாரத்து டீக்கடை ஒன்றில் இறங்கினோம். கடைக்கு முன்னால் ரோடு இரண்டாகப் பிரிகிறது. ஒன்று மலைமேல் ஏறுகிறது, மற்றது கீழ் ஊருக்குத் திரும்புகிறது. எங்களோடு ஒரு தையல்காரர் வருகிறார். பழைய வண்டி, பொறுமையான மனுஷன், ஏற்றம் வந்தால் வண்டி இருமத் தொடங்கிவிடும். கேப்டன் டீயை உறிஞ்சிக்கொண்டே, "தையக்காரர் வண்டி ஓட்டறாரா, மெஷின் மிதிக்கறாரான்னே தெரியலப்பா" என்றார். எல்லோரும் சிரித்தோம். தையல்காரர் சிரிக்கவில்லை. டம்ளரை வீட்டில் கழுவி வைப்பது போல அலசி, கவிழ்த்து வைத்துவிட்டுத் தன் வண்டிப் பக்கம் போனார்.

கேப்டன் ஹாரன் அடித்துக் கிளம்பினார். ஒவ்வொருவராக வளைவில் மறைந்தோம். வழக்கம் போல டெயில் லைட் மட்டும் நின்றார். தையல்காரர் குனிந்து பையைக் கட்டிக்கொண்டிருந்தார். பிறகு நடந்ததை டெயில் லைட் அன்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னதால் எனக்கு மனப்பாடம்.

"நான் நிக்கறேன்டா, மெதுவா கட்டு."

"வேணாண்ணே, நீங்க கெளம்புங்க. நான் வரேன்."

"சேந்தே போலாமே."

"எனக்காக யாரும் நிக்க வேணாம். வரேண்ணே."

அப்போதுதான் அடி வாங்கின மனுஷன். பக்கத்திலேயே நின்றால் அதுவும் ஒரு குத்தாக இருக்கும் என்று டெயில் லைட் நினைத்தார். எத்தனையோ வருஷமாகக் கட்டிக் காத்த சட்டத்தை அந்த ஒரு பொழுது மரியாதைக்காகத் தளர்த்தி, கிளம்பிவிட்டார்.

மேலே, பள்ளத்தாக்கு தெரியும் திருப்பத்தில் நாங்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தோம். டெயில் லைட் வந்தார். வண்டியை நிறுத்தினார், இறங்கவில்லை. திரும்பி வந்த வழியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தையக்காரர் எங்க?" என்றேன்.

"வரேன்னான்."

பனி கீழேயிருந்து ஏறி ரோட்டை மூட ஆரம்பித்தது. போனில் சிக்னல் இல்லை. "பஞ்சர் ஆயிருக்கும், வந்துருவான்" என்றார் கேப்டன், ஆனால் போட்டோவுக்குச் சிரிப்பதை நிறுத்திவிட்டார். டெயில் லைட் எல்லோர் வண்டியையும் அணைக்கச் சொன்னார். அணைத்தோம். அந்தப் பழைய வண்டி வந்தால் நாலைந்து வளைவுக்கு முன்னாலேயே இருமல் கேட்கும். ஒன்றும் கேட்கவில்லை. அவர் முகம் வெளிறியதை அன்றுதான் பார்த்தேன். வண்டியைத் திருப்பினார். தனியாக விட மனமில்லாமல் நானும் போனேன். வாழ்நாளில் முதல் தடவையாக அவருக்குப் பின்னால் ஒரு ஆள்.

ஒவ்வொரு வளைவிலும் நின்றார். தடுப்புச் சுவரில் கீறல் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். எட்டிப் பள்ளத்தைப் பார்த்துக் கூப்பிட்டார். குரல் பனிக்குள் போய்த் திரும்பி வரவில்லை. ஓர் இடத்தில் சாக்கடையில் கிடந்த ஒற்றைச் செருப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இது அவனோடதா பாரு."

"அவரு ஷூ போட்டிருந்தாருண்ணே."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேண்ணே. இது பொம்பளைங்க செருப்பு."

அப்படியும் அதைக் கீழே போட அவருக்கு மனம் வரவில்லை. "கெளம்பறப்ப அவன் பொண்டாட்டி கேப்டன்கிட்ட ஒண்ணும் சொல்லல மாப்ள. எங்கிட்ட வந்து, பாத்துக்குங்கண்ணேன்னு சொல்லிச்சு. இப்ப அந்தப் பொண்ணுகிட்ட என்னன்னு சொல்றது? வரேன்னான், நம்பி விட்டுட்டேன்னா?"

"ஒண்ணும் ஆயிருக்காதுண்ணே" என்றேன். சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது. காலையில் வானத்தைப் பார்த்து அவர் திட்டியது அந்த வண்டியின் பிரேக்கைத்தான்.

டீக்கடைக்கு வந்து சேர்ந்தோம். அவர் கேள்வியை முடிப்பதற்குள் கடைக்காரர், "பையக் கட்டிக்கிட்டு இருந்தாரே, அவரா? கீழ் ரோட்டுலல்ல போனாரு" என்றார். "உங்ககிட்ட சொல்லிக்கிட்டுத்தானே போனாரு?"

அங்கே சிக்னல் இருந்தது. டெயில் லைட் போனை ஸ்பீக்கரில் போட்டார். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. கடைக்காரர்கூட டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். கடைசியில் தையல்காரர் குரல் வந்தது, எதையோ மென்றுகொண்டு.

"சொல்லுங்கண்ணே."

"எங்கடா இருக்க?"

"கீழ லாட்ஜுல. விடிஞ்சா வீட்டுக்குப் போயிருவேன்."

"வரேன்னியேடா."

"ஆமாண்ணே. உங்ககிட்ட மட்டும் சொல்லிக்கிட்டுத்தானே வந்தேன். கெளம்பறப்ப போறேன்னா சொல்லுவாங்க?"

டெயில் லைட் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். நம் ஊர் வழக்கில் வருகிறவனும் வரேன் என்கிறான், போகிறவனும் வரேன் என்கிறான். இதில் யாரைப் பிடித்துத் திட்டுவது? திட்டவும் இல்லை. "அங்கயே இரு" என்று மட்டும் சொல்லி வைத்தார்.

மேலே ஏறப்போன லாரிக்காரரிடம், திருப்பத்தில் நிற்கிறவர்களிடம் ஆள் கிடைத்துவிட்டார் என்று சொல்லச் சொன்னேன். "நாமளும் மேல போலாம்ணே, அதான் பேசியாச்சே" என்றேன்.

"கொரல்தானே கேட்டுச்சு" என்றார். வண்டி கீழ் ரோட்டில் திரும்பியது.

லாட்ஜ் வாசலில் தையல்காரர் பனியனோடு நின்றிருந்தார். திட்டு வாங்கத் தயாராகி, பதிலையும் தயார் செய்து வைத்திருந்தார் போலும். நாங்கள் நிறுத்துவதற்குள் ஆரம்பித்துவிட்டார். "மெஷின் மிதிக்கறவன் மிதிச்சுக்கிட்டே வீடு போய்ச் சேரட்டும்ணே. நீங்கள்லாம் ஏன் டூரக் கெடுத்துக்கிட்டு..." டெயில் லைட் வண்டியை ஸ்டாண்டில் போட்டார். இறங்கி, அவர் முன்னால் போய் நின்று, தலை முதல் கால் வரை பார்த்தார். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றப் போனார். தாடைக்குக் கீழே வாரின் கொக்கியை விரல்கள் தேடின, பிடித்தன, நழுவவிட்டன. மறுபடி தேடின. தையல்காரர் பேச்சை நிறுத்திவிட்டு அந்த விரல்களைப் பார்த்தார்.

"விடுங்க, நான் எடுக்கறேன்" என்று கிட்டே வந்தார். "கொஞ்சம் நிமிருங்கண்ணே."

டெயில் லைட் இரண்டு கைகளையும் தொங்கவிட்டு, கண்களை மூடிக்கொண்டு, தாடையைத் தூக்கிக் கொடுத்தார்.