பதினான்காம் மாடியும் ஒய்பியின் பிளைட்டும்

அன்றைக்குக் காலையில் ஒய்பியைத் தேடி ஒரு அடுக்குமாடி பிளாட்டே திரண்டு வந்து வாசலில் நின்றது. ஒய்பி என்றால் எங்கள் எம்பி. ஜார்ஜ்டவுனில் அவருடைய சேவை மையத்தில் கூட்டிப் பெருக்கி, தே ஓ என்கிற பால் இல்லாத டீ கலக்கிக் கொடுப்பது என் வேலை. ஆறாம் வகுப்போடு நின்றவள். ஆட்களைக் கண்டால் சமையல்கட்டுக்குள் ஒதுங்கிவிடுவேன்.

அவர்கள் பிளாட்டில் லிப்ட் நின்றுபோயிருந்தது. பதினான்காம் மாடியில் குடியிருக்கும் பரமேஸ்வரியின் புருஷனுக்குக் கிட்னி கெட்டுவிட்டது. இறங்க முடியாமல் முந்தின தடவை ஆஸ்பத்திரிக்கு ரத்தம் கழுவப் போகவில்லை. அன்றைக்கும் போகாவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று நர்ஸ் சொல்லியிருந்தார்.

ஒய்பிக்கு அன்று மதியம் கேஎல்லில், அதாவது கோலாலம்பூரில், நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்பு. கட்டாயம் வரவேண்டும் என்று கட்சி உத்தரவு. ஜனங்கள் முன்னால் போனால் பிளைட்டுக்கு விடமாட்டார்கள் என்று பயந்து, என் சமையல்கட்டில் நின்று, லிப்டைச் சரிசெய்யச் சொல்லி நகரக் கவுன்சிலுக்குப் போன் அடித்துக்கொண்டே இருந்தார்.

வாசலில் அவருடைய உதவியாளர் செல்வம், "ஒய்பி கேஎல்ல இருக்காருக்கா. லிப்ட் கவுன்சில் வேலை, எம்பி வேலை இல்ல" என்றான்.

"ஓட்டுக் கேக்க கவுன்சிலா வந்துச்சு? ஒங்க ஒய்பிதானே தம்பி மூச்சு வாங்க மாடி ஏறுனாரு!" என்றாள் பரமேஸ்வரி.

"இப்ப போஸ்டர்லதான் சிரிப்பாருலா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

கத்திக் கத்தித் தொண்டை வறண்டு, தண்ணீர் கேட்டு அவள் நேரே என்னிடம் வந்துவிட்டாள். நான் கதவை மறைத்து நின்றேன். உள்ளே போன் பேச்சு கேட்டது.

"உள்ள யாருக்கா?"

செல்வம் தூரத்திலிருந்து தலையை ஆட்டினான், சொல்லாதே என்று. நான் கதவை விட்டு நகர்ந்துகொண்டேன்.

உள்ளே பார்த்த அவள் கத்தவில்லை. "கேஎல் இவ்வளோ கிட்டவா இருக்கு, ஒய்பி?" என்றாள்.

அவர் முகம் வெளுத்துப்போனது. போனை அணைத்தார். "ஒங்க வீட்டு அண்ணனத் தூக்கி எறக்க எத்தன பேரு வேணும்?"

"நாலு ஆம்பள போதும். எங்க மாடி ஆம்பளைங்க எல்லாம் ஜுரு பக்கம் பேக்டரிக்குப் போயிட்டாங்க. வந்திருக்கிறது பாதி கெழவிங்க."

ஒய்பி, செல்வம், டிரைவர், பக்கத்துக் கடைக்காரர் என்று நாலு பேர் பிளாட்டுக்குப் போய் மாடி ஏறினார்கள். மையத்துப் பிளாஸ்டிக் நாற்காலியோடு நானும் போனேன். அந்த மனுஷனை அதில் உட்காரவைத்து இறக்கும்போது ஒய்பி அவசரமாகப் படிகளில் கால் வைத்தார்.

"மெதுவா ஒய்பி" என்றார் பரமேஸ்வரியின் புருஷன், மூச்சு இழுத்துக்கொண்டே. "அடுத்த எலெக்‌ஷனுக்கு ஒரு ஓட்டு கொறஞ்சிரும்."

ஒய்பியின் பாக்கெட்டில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க யாருக்குக் கை இருந்தது? பரமேஸ்வரியின் புருஷனை வேனில் ஏற்றியபோது பிளைட் போயிருந்தது.

அவர் பிழைத்தார். ஓட்டெடுப்பிலும் எங்கள் பக்கம் எப்படியோ ஜெயித்தது. ஆனால் ஒய்பி ஓட்டுப் போட வராததைக் கட்சி மறக்கவில்லை. அடுத்த தேர்தலில் ஒய்பிக்கு சீட் கொடுக்கவில்லை.

அவர் செய்தது சரியா என்று சொல்ல எனக்குப் படிப்பு இல்லை. ஒன்று மட்டும் தெரியும். ஜனங்கள் வந்ததுமே அவர் முன்னால் போயிருந்தால், அந்த மனுஷனையும் இறக்கியிருக்கலாம், பிளைட்டையும் பிடித்திருக்கலாம். ஒளிந்து நின்ற நேரம்தான் போனது.

இப்போது வேறு ஒய்பி. மையத்தில் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளே, ஆள் உள்ளே இருந்தால் இருக்கிறார் என்று சொல்லுங்கள். ஜனங்கள் திட்டத்தான் திட்டுவார்கள். திட்டி முடித்த பிறகுதான் என்ன வேண்டும் என்று சொல்வார்கள்.