சுவரில் ஒட்டாத சீட்டுகள்

எண்ணூரில் ஜன்னலைச் சாத்தினாலும் வீட்டுக்குள் அனல் மின் நிலையச் சாம்பல் படியும். அஜைல் என்னும் திட்ட மேலாண்மை முறையின் சான்றிதழ் தேர்வுக்காக, அந்த முறைப்படியே பாடங்களைச் சீட்டுகளில் எழுதி 'செய்ய வேண்டியது', 'தடை', 'முடிந்தது' என்று சுவரில் பிரித்து ஒட்டுவேன். காலையில் எல்லாம் தரையில் கிடக்கும்; மறுபடியும் எடுத்து ஒட்டுவேன்.

"சுவத்த ஒயுங்கா தொடைக்க மாட்டியா?" என்று மனைவியிடம் எரிந்து விழுந்தேன்.

"தொடச்சிகினுதான்யா கீறேன். எனக்கும் ஒரு சீட்டு எய்தி தடையில ஒட்டு."

"இன்னான்னு?"

"மூச்சு வுட முடியலன்னு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது. அவள் துப்பியது சுவர் துடைத்த துணியைப் போலவே கறுப்பாக இருந்தது.

அன்றே அந்தச் சீட்டை எழுதி ஒட்டினேன்.

தேர்வில் தேறிவிட்டேன். என் சீட்டுகள் எல்லாம் 'முடிந்தது' பக்கம் போய்விட்டன. அவளுடையது இன்னும் தடையில்தான் இருக்கிறது. சாம்பலும் நிற்கவில்லை, இருமலும் நிற்கவில்லை. இதைப் பற்றித் தேர்வில் எவனும் ஒரு கேள்வி கேட்கவில்லை.