எழுதாமல் விட்ட பிள்ளை

"உங்க மகனை நீங்கதான் பராமரிச்சீங்கன்னு காட்ட என்ன வச்சிருக்கீங்க?" என்று அந்த அதிகாரி கேட்டபோது சுல்மீராவுக்குக் கேள்வி விளங்கவில்லை. ஆங்கிலம் விளங்கியது. பெற்றவளைப் பார்த்து ஒருவர் இப்படிக் கேட்பார் என்பதுதான் விளங்கவில்லை.

அதிகாரி சின்ன வயதுப் பெண். குரலில் கடுமை கிடையாது. அதுதான் சுல்மீராவுக்கு அதிகமாக எரிந்தது. கத்தியிருந்தால் பதிலுக்கு மனசுக்குள்ளாவது கத்தியிருக்கலாம். அதுவரை எல்லாம் நல்லபடியாகவே போயிருந்தது. சரித்திரக் கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொல்லி, வாசிக்கச் சொன்னதை வாசித்து, எழுதச் சொன்னதை எழுதியிருந்தாள். அமெரிக்கக் குடியுரிமை கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

"நான் அவனோட அம்மா," என்றாள்.

"அது தெரியுது. ஆனா பையன் உங்ககூட வளரல. அத்தை வீட்டுல வளர்ந்திருக்கான். பிள்ளையைக் கவனிக்காதவங்களுக்குக் குடியுரிமை தர முடியாது. அவனுக்குப் பதினெட்டு ஆகிற வரைக்கும் நீங்க செலவுக்குக் கொடுத்ததுக்கு ஆதாரம் வேணும். பாங்க் ரசீது இருந்தா சரி. இல்லாட்டி அவனை வளர்த்தவங்களோ, அவன் அப்பாவோ எழுதின கடிதம் இருந்தாலும் போதும்."

"நான் பீப்பாய் அனுப்பினேன்."

"எதை அனுப்பினீங்க?"

சுல்மீரா விளக்கிப் பார்த்தாள். அந்தப் பெண் கவனமாகக் கேட்டுக்கொண்டு, ஆதாரம் கொண்டுவர அவகாசம் கொடுத்து ஒரு தாளை நீட்டினாள். எழுந்திருக்கும்போது இன்னொன்றும் கேட்டாள்.

"அவன் அப்பா இப்ப எங்க இருக்கார்?"

"தெரியாது."

யோசிக்காமலே வந்த பதில். எங்கள் தீவுக்காரர்கள் எல்லாரும் இப்படித்தான். அலுவலகத்து மேசைக்கு முன்னால் உட்கார்ந்தால் அடுத்தவர் பெயர் எங்கள் வாயில் வராது. பகையாளி பெயரும் வராது. பையனின் அப்பா அதெரித்து இதே ப்ராக்டன் ஊரில், அவள் வீட்டுக்கு அடுத்த தெருவில்தான் இருந்தான்.

பதினொரு வருடங்களாக அவள் சமையலறை மூலையில் ஒரு பீப்பாய் நின்றுகொண்டே இருந்தது. ஒன்று நிரம்பிக் கப்பலேறினால் அடுத்தது வந்து நிற்கும். முதியோர் இல்லத்துச் சலவைக்கூடத்தில் வேலை முடித்து வரும்போது கடையில் எது மலிவோ அதை வாங்கி வந்து போடுவாள். அரிசி, எண்ணெய், பால்பவுடர், சோப்பு, பள்ளிக்கூட நோட்டு. மேலே, கசங்காத இடத்தில், செருப்பும் சட்டையும். மகன் ஜைல்சன் எவ்வளவு வளர்ந்திருக்கிறான் என்பதை அவள் செருப்பு அளவில்தான் தெரிந்துகொண்டாள். "அம்மா, விரல் இடிக்குது" என்று போனில் சொன்னால் அடுத்த பீப்பாயில் ஒரு அளவு கூடப் போகும். பணத்தை உறையில் போட்டு, ஊருக்குப் போகிறவர்கள் கையில் கொடுத்தனுப்புவாள். எங்கள் ஃபோகு தீவில் மலைக்கு மேலே இருக்கிற வீட்டிலிருந்து பாங்குக்கு இறங்கி வருவதற்கே ஒருநாள் கூலி போய்விடும். கையில் போகிற பணத்துக்கு யார் ரசீது எழுதுகிறார்கள்?

அந்தப் பீப்பாய்களைக் கப்பலேற்றியவன் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதெரித்துதான். லாரி வைத்து, வீடு வீடாகப் பீப்பாய் எடுத்து, துறைமுகத்தில் சேர்ப்பதுதான் அவன் பிழைப்பு. தன் மகனுக்குப் போகிற அரிசிக்கு மகனின் தாயிடமே கூலி வாங்கினான். ஒரு தடவையும் குறைத்ததில்லை. கிறிஸ்துமஸ் கூட்டத்தில் எல்லாரிடமும் கூட்டி வாங்கும்போது அவளிடமும் கூட்டி வாங்கினான். அவளும் கொடுத்தாள். வாயில்லாப் பூச்சி என்று ஊரில் பெயர் எடுத்தவள்.

மறுநாள் சலவைக்கூடத்தில் போர்வை மடித்துக்கொண்டே பென்விந்தாவிடம் சொன்னாள். பென்விந்தா அவளோடு வேலை செய்கிறவள். வாய்க்குப் பூட்டே கிடையாது.

"அடியே, அதெரித்தும் இதே மேசையில உட்கார்ந்துதானே சிட்டிசன் ஆனான்? அவனுக்கும் இதே பையன்தானே? அவன் என்னத்தக் காட்டினானாம்?"

"அவன் ஒரு சட்டை அனுப்பினதில்ல."

"அதத்தான் சொல்றேன். ஒண்ணுமே அனுப்பாதவன் தப்பிச்சிருக்கான்னா ஏதோ வழி இருக்கு. போய்க் கேளு. பையனுக்கு இருபத்தொண்ணு எப்ப?"

"மார்ச்சுல."

"அதுக்குள்ள உனக்குக் கிடைக்காட்டி?"

கிடைக்காவிட்டால் என்ன என்று இருவருக்கும் தெரியும். இருபத்தொன்று ஆவதற்குள் அவள் குடிமகளாகி மகனுக்கு மனுப் போட்டுவிட்டால் அவன் சீக்கிரம் வந்துவிடலாம். தாண்டிவிட்டால் வளர்ந்த பிள்ளைகளின் வரிசை. அதில் நின்று தலை நரைத்தவர்கள் எங்கள் ஊரில் உண்டு.

சாயங்காலம் அதெரித்தின் முற்றத்துக்குப் போனாள். அவன் லாரியில் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

"வா சுல்மீ. பீப்பாய் நிரம்பிடுச்சா? இந்தக் கப்பல்ல இடம் கம்மி, இப்பவே சொல்லிட்டேன்."

அவள் விஷயத்தைச் சொன்னாள். "அப்பான்னு நீ எழுத வேணாம். கப்பல்காரனா எழுது. இத்தனை வருஷம் இவ பையனுக்குப் பீப்பாய் அனுப்பினா, ரெண்டே வரி."

"வாங்கிக்கிட்டவ பேரு எழுதணுமா இல்லியா?"

"எதெல்வினா அக்கா பேரு."

"என் அக்கா. என் குடும்பப் பேரு. பையனுக்கும் அதே பேரு. கீழ கையெழுத்து என்னோடது. அந்த ஆபீசருக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

"தெரிஞ்சா என்ன? நீ சிட்டிசன் ஆகி ஆறு வருஷம் ஆச்சு. உன்னையும் கேட்டிருப்பாங்கல்ல? நீ என்ன காட்டினே?"

அதெரித்து சிரித்தான். புத்திசாலித்தனத்தை ஒளிக்க முடியாதவன் சிரிக்கிற சிரிப்பு.

"என்னை யாரு கேட்டா? மனுவுல பிள்ளைங்க எத்தனைன்னு போட்டிருந்தது. இங்க பொறந்த ரெண்டையும் எழுதினேன்."

"ஜைல்சன்?"

"எழுதல. எழுதினா ரசீது கேப்பான், எழுதாட்டி வம்பு இல்ல. உன்னை யாரு எழுதச் சொன்னது? இருக்கிற பிள்ளையை எழுதிட்டு இப்ப என் வாசல்ல வந்து நிக்கிறே."

சுல்மீரா நின்ற இடத்திலேயே நின்றாள். வேறொரு விஷயம் அவளுக்கு அப்போதுதான் தட்டுப்பட்டது. ஜைல்சனுக்குப் பதினான்கு வயதாக இருந்தபோதே அவனைக் கூட்டிக்கொள்ளப் பார்த்தாள். சின்னப் பையனுக்குப் பாஸ்போர்ட் எடுக்கத் தகப்பன் சம்மதம் வேண்டும். அதெரித்து அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று இழுத்தான். கடைசிவரை கையெழுத்துப் போடவில்லை. பையன்மேல் பாசம், பிரிய மனசில்லை என்று ஊரார் சொன்னார்கள். அவளும் நம்பினாள். நம்பி, அவனுக்காகக் கொஞ்சம் இரக்கமும் பட்டிருந்தாள்!

"அன்னைக்கு நீ கையெழுத்துப் போடாம இழுத்தது இதுக்குத்தானா? உன் மனு உள்ள கிடந்தது. பையன் பேரு மேல வந்தா உன் குட்டு உடைஞ்சிடும்."

அவன் கயிற்றை இறுக்கினான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "எதெல்வினாகிட்டயும் கடிதம் கிடிதம்னு போகாதே. அவளுக்கு நான் மனுப் போட்டிருக்கேன். அவ வாயத் திறந்தா அவ வர்றதும் போச்சு. மத்தியானமே சொல்லிட்டேன்."

"மத்தியானமேவா? நான் இப்பத்தானே வந்தேன்?"

"ப்ராக்டன்ல எவ சும்மா இருக்கா? நீ சலவைக்கூடத்தை விட்டு இறங்கறதுக்குள்ள எனக்குச் சேதி வந்தாச்சு."

இருந்தும் அவள் எதெல்வினாவுக்குப் போன் போட்டாள். எதெல்வினா அழுதாள். மகனை நன்றாகத்தான் வளர்த்திருந்தாள். அதில் சுல்மீராவுக்குக் குறையில்லை.

"நீ அனுப்பின அரிசியைத்தான் நாங்க எல்லாரும் தின்னோம் தங்கச்சி. இல்லேன்னு சொன்னா என் நாக்கு அழுகிப் போகும். ஆனா எழுதித் தரச் சொல்லாதே. தம்பி என்னை விட்டுடுவான்."

"என் பிள்ளை அங்கயே கிடக்கட்டும்னு சொல்றியா அக்கா?"

"நான் அப்படிச் சொல்வேனா?"

"வேற என்ன சொல்றே?"

மறுமுனையில் மூக்கைச் சிந்தும் சத்தம் மட்டும் கேட்டது. சுல்மீரா போனை வைத்தாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. பசி இல்லாமல் இல்லை. வாய்க்குள் எதையாவது போட்டால் அதைக் கடித்துத் துப்பிவிடுவாள்போல இருந்தது.

சனிக்கிழமை முற்றம் நிறையப் பெண்கள். கிறிஸ்துமஸுக்குப் போய்ச் சேர வேண்டிய பீப்பாய்கள் எல்லாம் அன்றைக்குத்தான் ஏறும். சுல்மீராவும் தன் பீப்பாயை உருட்டிக்கொண்டு வந்தாள். மூடி போடவில்லை. அரிசிப் பைகளுக்கு மேலே புதுச் செருப்பு ஒரு ஜோடி இருந்தது.

அதெரித்து பலகையும் பேனாவுமாக வந்தான். "யாருக்கு?"

வழக்கமாக அவள் தலையைக் குனிந்து "எதெல்வினா அக்காவுக்கு" என்பாள். அன்றைக்கு நிமிர்ந்தாள்.

"நீயே சொல்லு. யாருக்குப் போகுது?"

"எதெல்வினாவுக்கு. அதானே எப்பவும்?"

"எதெல்வினாவுக்கு எப்பய்யா இத்தனாம்பெரிய காலு முளைச்சது?" என்றாள் பின்னாலிருந்து லூர்தெஸ். வருடா வருடம் ஊருக்குப் போய்வருகிற மூத்தவள். பெண்கள் சிரித்தார்கள். அதெரித்தும் சேர்ந்து சிரிக்கப் பார்த்தான்.

"இது இவன் பிள்ளைக்குப் போகுது," என்றாள் சுல்மீரா. அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "பதினோரு வருஷமா இவன் பிள்ளைக்குத்தான் போகுது. நான் இவனுக்கு வண்டிக்கூலி கொடுத்தேன். இவன் சர்க்காருக்கு அப்படி ஒரு பிள்ளையே இல்லேன்னு எழுதிக் கொடுத்தான். இப்ப நான் அவனுக்குச் சோறு போட்டேன்னு ஒரு வரி எழுதித் தரச் சொன்னா, அக்கா வாயையும் அடைச்சிட்டான். என் பணத்தை ஊருக்குக் கொண்டுபோனவங்க இங்க இருக்கீங்க. எழுதித் தருவீங்களா?"

ஒருத்தி பீப்பாய் மூடியைச் சரிபார்ப்பதுபோலக் குனிந்தாள். இன்னொருத்தி அடுத்தவளிடம், "இவன் கூலிதான் ஊருலயே கம்மி. பகைச்சுக்கிட்டா எங்க போறது?" என்று முணுமுணுத்தது எல்லாருக்கும் கேட்டது. சுல்மீரா தலையில் ரத்தம் ஏறி நின்றாள்.

"அக்கா, இது நம்ம வீட்டு விஷயம்," என்றான் அதெரித்து, லூர்தெஸைப் பார்த்து. "சந்திக்குக் கொண்டுவர வேணாம்."

"வீட்டு விஷயமா? கூலி வாங்கும்போது அவ வெளியாளு, திருட்டுத்தனம் தெரிஞ்சதும் வீட்டாளா?" லூர்தெஸ் கையை நீட்டினாள். "எழுதறேன்டி. உன் உறையை ரவிக்கைக்குள்ள வச்சு எத்தனை தடவை கொண்டுபோனேன். உன் பையன் கையிலேயே கொடுத்தேன். சத்தியம் பண்ணி எழுதறேன். என் பீப்பாயை இறக்குடா லாரியை விட்டு."

அவளுடைய பீப்பாய் இறங்கியது. வருமானத்தில் கை விழுந்ததும் அதெரித்துக்கு முகம் வெளுத்தது. குனிந்து நின்றவளும் கடைசியில் எழுதித் தருவதாகச் சொன்னாள். மற்றவர்கள் தங்கள் பீப்பாயை ஏற்றிவிட்டுப் போனார்கள். அந்த முகங்கள் ஒவ்வொன்றையும் சுல்மீரா பார்த்து வைத்துக்கொண்டாள்.

இரண்டு சத்தியக் கடிதங்களும், ஜைல்சன் போனில் தேடி அனுப்பிய பழைய படங்களும் அதிகாரியின் மேசைக்குப் போயின. ஒவ்வொரு படத்திலும் திறந்த பீப்பாய், பக்கத்தில் ஒவ்வொரு உயரத்தில் ஒரே பையன். அதிகாரி எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தாள். லூர்தெஸின் கடிதத்தை இரண்டாம் தரம் படித்தாள்.

"இது போதும்," என்றாள். பிறகு கோப்பைப் புரட்டினாள். "போன தடவை பையனோட அப்பா எங்கன்னு தெரியாதுன்னு சொன்னீங்க. இப்பவும் அப்படித்தானா?"

'ஆமாம்' என்று சொன்னால் முடிந்தது. எழுந்து போகலாம். கேட்கிறவளுக்கும் அந்தப் பதில் போதும் என்று முகம் சொன்னது. ஊர் வழக்கமும் அதுதான். ஆனால் பொய்யாக எழுதியவனை யாரும் கேட்கவில்லை. உள்ளதை எழுதியவள் இரண்டு மாதம் வாசல் வாசலாக நின்றாள். அவனுக்காக அவள் ஏன் இன்னொரு பொய் சொல்ல வேண்டும்?

"அன்னைக்கு நான் பொய் சொன்னேன்," என்றாள். "எங்க ஆளுங்க அடுத்தவங்க பேரை ஆபீசுல சொல்ல மாட்டோம். அதனால சொல்லல. அவன் எங்க இருக்கான்னு எனக்குத் தெரியும்."

"யோசிச்சுப் பேசுங்க. சத்தியம் பண்ணிட்டு உட்கார்ந்திருக்கீங்க."

"அதனாலதான் சொல்றேன்."

பெயரையும் தெருவையும் சொன்னாள். அதிகாரியின் விரல்கள் விசைப்பலகையில் நின்றன. "அவரும் இங்க குடியுரிமை..."

"அதை அவன்கிட்டயே கேளுங்க. என்னைக் கேட்டதுக்கு நான் சொல்லிட்டேன்."

அதிகாரி எழுந்து உள்ளே போனாள். நெடுநேரம் வரவில்லை. தன் வாயாலேயே எல்லாவற்றையும் கெடுத்துக்கொண்டோம் என்று சுல்மீரா பயந்தாள். பயத்தோடு கோபமும் இருந்தது, கொஞ்சமும் குறையாமல். திரும்பி வந்த அதிகாரி, முந்தைய பதிலை அவள் தானாகவே திருத்திச் சொன்னதாக எழுதிக் கையெழுத்து வாங்கினாள். பிறகு இன்னொரு தாளை நீட்டினாள். மனு ஏற்கப்பட்டது, உறுதிமொழி நாள் தபாலில் வரும்.

வெளியே பென்விந்தா காரில் காத்திருந்தாள். தாளை வாங்கிப் பார்த்து முத்தமிட்டாள். பிறகு நடந்ததைக் கேட்டதும் சிரிப்பு அடங்கிவிட்டது.

"சொல்லியே விட்டியா? பேரையா?"

"கேட்டாங்க. சொன்னேன்."

"காட்டிக் கொடுத்தவன்னு ஊரே பேசும்டி."

"பேசட்டும்."

"அது இல்ல சுல்மீ... அவன் செஞ்சது அநியாயம்தான். ஆனா ரெண்டு சின்னப் பிள்ளைங்க இருக்கே அவனுக்கு."

"மூணு," என்றாள் சுல்மீரா. "வண்டிய எடு."