கருப்பசாமிக்குப் போட்ட அருவாளும் தம்பியின் விசாவும்

தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் கம்பெனியில் முத்துப்பேச்சிக்கு செக்கிங் வேலை. படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஆனால் அவள் கை பட்ட துணியில் ஒரு பிசிறு நூல் தொங்காது. உள்பக்கம் புரட்டித் தையலைத் தடவிப் பார்த்த பிறகுதான் மடிப்பாள். அவள் தம்பி கௌதம்ராஜுக்கு அமெரிக்காவில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்ததைக் கம்பெனியில் கேட்காத காது இல்லை.

இடம் கிடைத்தால் அருவாள் போடுவதாகக் கருப்பசாமிக்கு நேர்ந்திருந்தாள். ஆள் உயர அருவாள். சந்தனம் பூசி, எலுமிச்சம்பழம் குத்தி, தம்பி தோளில் தூக்கிவந்து சாமி முன்னால் நட்டான். "சொந்தக்காரவுக பூராம் பாக்கட்டும், போடுலே" என்று அந்தப் படத்தைப் பேஸ்புக்கில் போடவைத்ததும் அவள்தான்.

பிறகு பிடித்தது வினை. விசா நேர்காணலுக்கு நாள் கொடுப்பதையே அமெரிக்காக்காரர்கள் நிறுத்தினார்கள். இனி மாணவர்களின் பேஸ்புக் பக்கங்களைத் துருவிப் பார்க்கப்போவதாகப் பேச்சு அடிபட்டது. ராஜபாளையத்தில் வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் அனுப்பும் எட்வின், "எதுக்கும் பக்கத்தைப் பூட்டி வைங்க" என்றார். பூட்டினான். நேர்காணல் மறுபடி தொடங்கியபோது, மாணவர்கள் தங்கள் பக்கங்களை எல்லாரும் பார்க்கும்படி திறந்துவைக்க வேண்டும் என்று புது விதி வந்தது. அக்காவும் தம்பியும் தளவாய்புரத்தில் பஸ் ஏறி எட்வினிடம் ஓடினார்கள்.

தம்பியின் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தவர் அருவாளில் வந்து நின்றார். "ஐயையோ, ஆயுதம்! மொதல்ல இத அழிங்க."

"சாமிக்குப் போட்டது சார்" என்றாள் முத்துப்பேச்சி.

"உங்களுக்கும் எனக்கும் தெரியும். அங்க உக்காந்து பாக்குறவனுக்குத் தெரியுமா?"

"அன்னைக்குப் பூட்டச் சொன்னீக. இப்ப தெறக்கச் சொல்லுதீக, தெறந்தா அழிக்கச் சொல்லுதீக. ஏன் அழிச்சன்னு நாளைக்கு ஒரு சட்டம் வராதா?"

எட்வின் தலையைச் சொறிந்தார். "வந்தாலும் வரும்மா. எதையோ மறைக்கான்னு நெனைக்கலாம்."

முத்துப்பேச்சிக்கு, பெண் பார்க்க வந்தவர்கள் அடுக்களைக்குள் புகுந்து பானையை மோந்து பார்த்த மாதிரி இருந்தது.

"அழிச்சிருவோமாக்கா? விசா போச்சுன்னா எல்லாம் போச்சு" என்றான் தம்பி.

"கைய எடுலே. சாமி கும்பிட்டதுக்கு எவன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்? கேட்டா நேத்திக்கடன்னு சொல்லு. நம்பலைன்னா போறான்."

சொல்லிவிட்டாளே தவிர, அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தன் வீம்பில் தம்பியின் படிப்பு போய்விடுமோ?

சென்னையில் நேர்காணல் முடிந்தது. பக்கங்களைப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கல்லூரி திறக்கும் நாள் நெருங்கியும் பதில் இல்லை. ஒருவழியாக, அவள் வேலையில் இருந்தபோது போன் வந்தது.

"கெடைச்சிருச்சுக்கா!"

"அருவாளப் பத்திக் கேட்டானுகளா?"

"ஒருத்தருமே கேக்கலக்கா."

முத்துப்பேச்சி வாசலுக்குப் போய்க் காறித் துப்பினாள். "கேக்காத கேள்விக்கா இம்புட்டுப் பாடு?"

"ஏட்டி, லட்டு எங்க?" என்றாள் பக்கத்து மிஷின் இசக்கியம்மாள்.

"அவன் அங்க போய் எறங்கட்டும் மதினி. பிளைட்டு தரையத் தொடுறதுக்குள்ள இன்னும் என்ன சட்டத்த மாத்துவானுகளோ!"