பாட்டிலில் கிடந்த தேனீ

செம்பாக்கத்தில் குடியிருந்த தேவதர்ஷினிக்கு வண்டலூரில் ஒரு தனியார் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஒரு சொட்டுத் தேனைக் கருவியில் வைத்து அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சுவாள். தேன் எந்த ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்பது திரையில் மேடும் பள்ளமுமான கோடாக விழும். பாகு கலந்திருந்தால் கோடு வேறு மாதிரி போகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு ரோஸி ஒரு பாட்டிலோடு வந்தாள். அப்பாவுக்கு மருந்துப் பொடி குழைக்க வாங்கியதாம்.

"உங்க கையெழுத்தைப் பார்த்துத்தான்க்கா வாங்கினேன். உள்ள தேனீகூட கிடக்கு பாருங்க."

பாட்டிலில் ஒட்டியிருந்தது தேவதர்ஷினி கொடுத்த சான்றிதழின் நகல். பெருங்களத்தூர்க் கடைக்காரன் சுகுமார் பரிசோதனைக்குக் கொண்டுவந்தது நல்ல தேன்தான். மறுநாள் இந்தப் பாட்டிலிலிருந்து ஒரு சொட்டை வைத்துப் பார்த்தாள். கோடு, அரிசியிலிருந்து காய்ச்சும் மலிவான பாகின் கோட்டோடு ஒட்டிப் போனது.

அன்று மாலையே கடைக்குப் போனாள். பின்பக்கம் நீல டிரம்மில் பாகு. மேலே ஈ மொய்த்தது. சுகுமார் பிஸ்கட் டப்பாவிலிருந்து செத்த தேனீக்களை எடுத்து, பாட்டிலுக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டிருந்தான்.

"இதெல்லாம் எங்கேருந்து?"

"அபார்ட்மெண்ட்ல கூடு கட்டினா மருந்தடிச்சுக் கொல்றாங்கல்ல மேடம்? பெருக்கி அள்ளிகினு வர்றதுதான்."

"பூச்சி மருந்தா? நோயாளிங்க சாப்பிடறாங்க!"

"இன்னா மேடம், பேஜார் பண்றீங்க? தேனீ இருந்தாத்தான் ஜனம் நம்புது. நீங்க பாத்தது அசல்தானே? உங்க ரிப்போர்ட் ஒண்ணும் பொய்யில்லியே." விரலில் வழிந்ததை நக்கிக்கொண்டே அவளுக்கும் ஒரு பாட்டிலை நீட்டினான்.

வெளியே வந்து சாக்கடையோரம் குனிந்து வாந்தி எடுத்தாள்.

அவள் புகார் கொடுத்ததும் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் வந்து பாட்டில்களை எடுத்துப்போய்க் கடைக்குச் சீல் வைத்தார்கள். விஷயம் தெரிந்த ரோஸி, "அப்பா தினமும் இதைத்தானேக்கா நக்கினாரு" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

பரிசோதனைக் கூட முதலாளி ஷ்யாம்சுந்தர் கொதித்தார். "நம்ம கஸ்டமரை நாமே மாட்டிவிட்டா அப்புறம் யார்மா வருவா?"

"கடையில நாமளே வாங்கிப் பார்க்கலாம் சார். அவங்க கையில கொண்டு வர்ற தேனுக்கு இனிமே நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அவளைக் குடிநீர்ப் பிரிவுக்கு மாற்றினார். தேன் சான்றிதழ்களில் இப்போது அவரே கையெழுத்துப் போடுகிறார்.