டைம்கீப்பர் விட்டுக்கொடுத்த நாற்பது

பஸ் டிப்போவில் முப்பத்தோரு வருஷம் டைம்கீப்பராக இருந்தவர். ரிட்டயர் ஆன பிறகும் அந்தப் பெயர் அவரை விடவில்லை. இருபத்துநாலு வீட்டுக் குடியிருப்பில் சின்னது பெரிசு எல்லோருக்கும் அவர் டைம்கீப்பர்தான். மொட்டை மாடியில் சோலார் தகடுகளும், பழைய சைக்கிள் அறையில் எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரு பேட்டரியும் வந்தபோது, அதைப் பார்த்துக்கொள்ள வேறு யாரைப் போடுவார்கள்?

மனுஷர் அதில் கெட்டிக்காரர். மத்தியான வெயிலை வீணாக்காமல் பிடித்து வைப்பார். சாயங்காலம் யூனிட் விலை ஏறுகிற நேரத்தில் அவிழ்த்துவிடுவார். மாடிப்படிக்குக் கீழே ஓர் அட்டை தொங்கும். பச்சைப் பக்கம் தெரிந்தால் துணி துவைக்கலாம், இஸ்திரி போடலாம். சிவப்பென்றால் விளக்கும் மின்விசிறியும் மட்டும். ஆபத்து அவசரத்துக்கென்று பேட்டரியில் நாற்பது சதவீதத்தை மட்டும் யாரையும் தொடவிடமாட்டார்.

போன ஞாயிறு கூட்டத்தில் இரண்டாம் மாடி டைலர் வாயைத் திறந்தான். “அந்த நாற்பது யாருக்காகன்னு எல்லாருக்கும் தெரியும் சார்.”

சிலர் சிரித்தார்கள். நாலாம் மாடியில் அவர் மனைவி மூக்கில் குழாயோடு இருப்பதும், அவளுடைய ஆக்சிஜன் மிஷின் கரண்டில் ஓடுவதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். லிஃப்டுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் சேர்த்துத்தான் அந்த நாற்பது. அதைச் சொல்லாமலே எழுந்தார். நேரே கீழே போய், பேட்டரியில் நிறுத்திவைக்கும் அளவை நாற்பதிலிருந்து பத்தாக மாற்றினார். வீம்பு! அந்த வயசில் வரவே கூடாத வீம்பு.

இன்று காற்றில் கம்பி அறுந்து, இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. நாலுக்கு வந்துவிடும் என்றார்கள். ஐந்தரை ஆகியும் வரவில்லை. வானம் முழுக்க மேகம். வீட்டிலிருந்த ஒரே ஆக்சிஜன் சிலிண்டரும் நிரப்பப் போயிருந்தது. பேட்டரி பத்தைத் தொட்டால் அவர் வீட்டுக்கும் சேர்த்துத் தானாக நின்றுவிடும். அட்டையோ காலையிலிருந்து பச்சையிலேயே தொங்கியது. திருப்பினால் ‘பொண்டாட்டிக்காகத் திருப்பிட்டார்’ என்பார்களே என்று கை போகவில்லை. சைக்கிள் அறையில் நின்று பேட்டரி அளவையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு. பத்தொன்பது. மேலே எங்கேயோ வாஷிங் மிஷின் தடதடத்துக்கொண்டிருந்தது.

பதினாறில் பொறுமை போய்விட்டது. எந்தப் புண்ணியவான் இப்படி இழுக்கிறான் என்று மீட்டர் வரிசைக்கு ஓடினார். கரண்ட் ஓடுகிற மீட்டரில் சின்ன விளக்கு சிமிட்டும்; இருபத்துமூன்று விளக்குகள் கண் சிமிட்டின. ஒன்று மட்டும் சிமிட்டவில்லை.

அது அவர் வீட்டு மீட்டர்.

நாலு மாடியும் எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாது. மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். குழாய் மடியில் கிடந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது.

“ஏம்மா அணைச்சே?”

“உங்களை... யாரும்... ஒண்ணும் சொல்லிடக் கூடாதுங்க.”

மிஷினைப் போட்டுக் குழாயை மாட்டிவிட்டார். அவருக்கு வந்தது கோபமா அழுகையா, பிரித்துப் பார்க்க முடியவில்லை. அவள் உதட்டில் நிறம் திரும்பும்வரை நின்றுவிட்டுக் கீழே இறங்கினார். அட்டையைச் சிவப்புக்குத் திருப்பினார். அது போதாதென்று பட்டது. மாடிப்படியில் நின்று, வெட்கத்தை விட்டுக் கத்தினார்.

“எல்லாத்தையும் அணைங்க! என் வீட்டுக்காரிக்கு மூச்சு விடக் கரண்ட் வேணும்!”

வாஷிங் மிஷின் நின்றது. கழுத்தில் அளவு டேப்போடு டைலர் ஓடிவந்தான்.

“ஏன் சார் பதறுறீங்க? அக்காவுக்குத்தான் அந்த நாற்பது இருக்கே?”

“இல்லப்பா. அன்னிக்கே எடுத்துட்டேன். பதினாலுதான் இருக்கு.”

டைலர் முகத்தில் ஈயாடவில்லை. படிகளில் தாவி ஏறி, ஒவ்வொரு கதவாகத் தட்ட ஆரம்பித்தான்.