வெந்நீர் அண்ணியும் கம்பளிக் கோட்டும்

என் அண்ணிக்கு நாங்கள் வைத்த பெயர் வெந்நீர். தலைவலியா, வெந்நீர். சட்டையில் கறையா, வெந்நீர். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால்கூட ஒரு டம்ளர் வெந்நீரை என் முன்னால் வைத்துவிட்டுப் போவார். நாங்கள் மூன்று பேரும் இந்த நாட்டுக்குக் குடியேறி இன்னும் ஒரு வருஷம் முடியவில்லை. அண்ணன் கிடங்கில் பெட்டி தூக்குகிறான். நான் பேக்கரியில் கல்லாவில் நிற்கிறேன். அண்ணிக்கு ஒரு பெரிய ஹோட்டலில் படுக்கை விரிப்புகளைத் துவைக்கிற வேலை. அங்கே எல்லாமே கொதிக்கக் கொதிக்கத்தான். வெந்நீரில் போகாத அழுக்கு உலகத்தில் கிடையாது என்பது அவருடைய கட்சி.

குளிர்காலத்தில் ஒரு நாள் காலை, வேலைக்குப் போகிற வழியில், பஸ் நிறுத்தத்தில் அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டான். மூச்சே நின்றுவிட்டதாம். அங்கே நின்றிருந்த யாரோ ஒருவர் அவன் நெஞ்சை விடாமல் அழுத்தியிருக்கிறார். மூச்சு திரும்பியதும் தன் கோட்டைக் கழற்றி அவனுக்குப் போர்த்தி, ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டு, பெயர்கூடச் சொல்லாமல் போய்விட்டார். ஆம்புலன்ஸ் ஒரு தர்ம அமைப்பு நடத்துவது. எங்களிடம் ஒரு பைசா வாங்கவில்லை. அந்த ஆளைப் பற்றி அன்று வண்டியில் வந்தவர்களுக்கும் ஒன்றும் தெரியவில்லை.

கோட்டு மட்டும் அண்ணனோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தது. பழுப்பு நிறக் கம்பளிக் கோட்டு, அண்ணனையே இரண்டு தடவை சுற்றலாம். எல்லாம் கறுப்புப் பொத்தான், மேலே ஒன்று மட்டும் பச்சை.

“இவ்வளவு பெரிய ஆளு. எங்க இருந்தாலும் கண்டுபிடிச்சிடலாம்” என்றார் அண்ணி. “கையைப் பிடிச்சு ஒரு வார்த்தை சொல்லணும். அதுவரைக்கும் எனக்குச் சோறு இறங்காது.”

சோறு இறங்கத்தான் செய்தது. தூக்கம்தான் வரவில்லை. வேலைக்குப் போகுமுன் அந்த பஸ் நிறுத்தத்தில் கோட்டும் கையுமாக நிற்பார். குளிர்காலம் போய் வெயில் வந்தும் நின்றார். ஒருவரும் வரவில்லை.

அப்போதுதான் அந்த ஆம்புலன்ஸ் அமைப்புக்காரர்கள் நிதி திரட்ட, ஊருக்கு வெளியே பெரிய மைதானத்தில் இசை நிகழ்ச்சி நடத்தப்போவதாக அறிவித்தார்கள். “அவரு கண்டிப்பா வருவாரு, பாரேன்” என்றார் அண்ணி. நன்றி சொல்ல இந்த ஊர் மொழியில் ஒரு வாக்கியத்தை என்னிடம் கேட்டுக் கற்றுக்கொண்டு, பாத்திரம் கழுவும்போதெல்லாம் சொல்லிப் பார்த்தார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிகழ்ச்சிக்கு முதல் நாள் சாயங்காலம், “அழுக்குக் கோட்டைத் திருப்பிக் கொடுத்தா நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க?” என்று அதை எடுத்துக் குளியலறைக்குள் போனார். ஹோட்டல் விரிப்பெல்லாம் பருத்தி, கொதிக்கிற தண்ணீரைத் தாங்கும். கம்பளி தாங்குமா? காலையில் கொடியில் பாதிக் கோட்டுதான் தொங்கியது.

எனக்கு வாய் சும்மா இருக்காது. “அண்ணி, இனிமே அந்த ஆளையும் வெந்நீர்ல முக்கி எடுத்தாத்தான் இது சேரும்.”

அண்ணி சிரிக்கவில்லை. கோட்டை மடியில் போட்டுக்கொண்டு அழுதார். ஆஸ்பத்திரியில்கூட அழாதவர். பிறகு எழுந்து, முகம் கழுவி, அதைச் சுருக்கம் இல்லாமல் இஸ்திரி போட்டார். “கொடுக்க வேண்டியதைக் கொடுத்துத்தான் ஆகணும். திட்டினா வாங்கிக்கிறேன்” என்றார்.

மைதானம் முழுக்கத் தலைகள். பாய் விரித்தும் மடக்கு நாற்காலி போட்டும் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். எங்கேயோ தூரத்தில் மேடை. பாடகர் கட்டைவிரல் உயரம்தான் தெரிந்தார். ஆனால் முரசுச் சத்தம் நெஞ்சுக்குள் வந்து இடித்தது. நான் பயந்துபோய் அண்ணனைப் பார்த்தேன்.

“ஒண்ணும் இல்ல. உள்ள இருக்கிறதும் சேர்ந்து தாளம் போடுது, அவ்வளவுதான்” என்றான்.

அத்தனை ஜனமும் மேடையைப் பார்த்து உட்கார்ந்திருக்க, அண்ணி ஒருவர் மட்டும் மேடைக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஆள் கொஞ்சம் வாட்டசாட்டமாக அந்தப் பக்கம் வந்தால் போதும், எழுந்து கோட்டைத் தூக்கிக் காட்டுவார். ஒருவர் இவர் ஏதோ விற்கிறார் என்று நினைத்து விலை கேட்டார். எனக்கு மானம் போயிற்று. “உட்காருங்க அண்ணி, பாட்டையாவது கேளுங்க” என்று சிடுசிடுத்தேன். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

இருட்ட ஆரம்பித்தபோது, மஞ்சள் சட்டை போட்ட தொண்டர்கள் நன்கொடை வாளியோடு வந்தார்கள். எங்களிடம் வந்தவர் ஐம்பது வயதைத் தாண்டிய, குச்சி மாதிரி ஒரு அம்மா. அண்ணியின் தோளுக்குத்தான் வந்தார். அண்ணி அவர் தலைக்கு மேலே எட்டி யாரையோ தேடிக்கொண்டே வாளியில் பணம் போட்டார். அந்த அம்மா நகரவில்லை. வாளியைக் கீழே வைத்தார். கோட்டிலிருந்த பச்சைப் பொத்தானைத் தொட்டு, என்னமோ கேட்டார்.

“என்ன சொல்றாங்க?” என்றார் அண்ணி.

“இந்தப் பொத்தானை அவங்கதான் தைச்சாங்களாம். கறுப்பு கிடைக்கலையாம். மகனோட பழைய கோட்டாம். அண்ணி, அவங்கதான்.”

ஆம்புலன்ஸ்காரர்கள் நடத்துகிற இலவச வகுப்பில்தான் நெஞ்சை அழுத்தக் கற்றுக்கொண்டாராம். அண்ணிக்கு அதெல்லாம் ஏறவில்லை. கோட்டை நீட்டி, சுருங்கிவிட்டது என்று கையாலேயே காட்டி, தன் தலையில் குட்டிக்கொண்டார். அந்த அம்மா அதை வாங்கிப் போட்டுப் பார்த்தார். அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. முன்பு கையே வெளியில் தெரியாது என்று சொல்லிச் சிரித்தார்.

அந்தக் கைகளைத்தான் அண்ணி பிடித்துக்கொண்டார். கற்ற வாக்கியம் எங்கேயோ பறந்துவிட்டது. “நல்லா இருக்கணும் நீங்க. உங்க பிள்ளைங்க நல்லா இருக்கணும். என் குடும்பத்தைத் திருப்பிக் கொடுத்தீங்களே” என்று தமிழிலேயே கொட்டினார். அந்தச் சின்னக் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அந்த அம்மாவுக்கு ஒரு வார்த்தையும் புரிந்திருக்காது. என்னிடம் அர்த்தமும் கேட்கவில்லை. அண்ணன் பக்கம் திரும்பி, அவன் நெஞ்சில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு தலையை ஆட்டிவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த பாய்க்குப் போனார். கூட்டத்துக்குள் அந்தக் கோட்டு மறைகிறவரை அண்ணி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் மேடைப் பக்கமாகத் திரும்பி, அண்ணனை ஒட்டி உட்கார்ந்தார்.

“நல்லாப் பாடறாரே, எப்ப ஆரம்பிச்சாங்க?” என்று கேட்டார்.